காற்றில் உலரும் களிமண்ணில் நகைத் தட்டு: வாங்கத் தக்க பொருளா?

மோதிரம், கம்மல், மூக்குத்தி போன்ற சிறு நகைகளைக் கழற்றி வைப்பதற்கான அலங்காரத் தட்டுகளை வீட்டிலேயே செய்ய விரும்புவோர் பெரும்பாலும் வாங்குவது, சூளையோ அடுப்போ இல்லாமல் தானே இறுகும் ஏர் டிரை கிளே என்னும் களிமண்ணைத்தான். கைவினைப் பொருள் கடைகளிலும் இணையத்திலும் அரைக் கிலோ பொட்டலமாகக் கிடைக்கும் வெள்ளை நிற வகையையே இங்கு மதிப்பிடுகிறேன். நான் சொல்லும் குறைகள் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியவையல்ல. இந்த வகைப் பொருளின் இயல்பிலிருந்து வருபவை.

வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, மண்தூளும் நாரும் பசையும் நீரும் கலந்த கனமான களிமண்; மற்றொன்று, பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும், குழந்தைகளுக்கான வண்ண டப்பாக்களில் வரும் நுரைக் களிமண். இரண்டாவதில் பொம்மை செய்யலாமே தவிர, தட்டு செய்வது வீண். உலர்ந்த பின்னும் அதில் ரப்பரின் நெகிழ்வு எஞ்சும். எடையே இல்லாததால், ஓரத்தில் ஒரு வளையலை வைத்தாலே தட்டு சாய்ந்துவிடும். டப்பாவின் அளவுக்கு ஏற்ற எடை கையில் தெரியாவிட்டால் அது நுரை வகை என்று கொள்ளலாம்.

கனமான வகையின் முதற்சிறப்பு, அச்சை வாங்கிக்கொள்ளும் திறன். பொட்டலத்தைப் பிரித்ததும் நன்கு பிசைந்த சப்பாத்தி மாவின் பதத்தில் இருக்கும் இதை, இருபுறமும் ஒரே பருமனுள்ள இரண்டு பென்சில்களை வைத்து அவற்றின் மேல் பூரிக் கட்டையை உருட்டினால், தகடு எங்கும் ஒரே தடிமனில், ஏறத்தாழ 6 முதல் 7 மில்லிமீட்டர் அளவில் அமைகிறது. அதன் மேல் அரசிலையின் அடிப்பக்கத்தை, அதாவது நரம்புகள் புடைத்திருக்கும் பக்கத்தை, வைத்து மெல்ல உருட்டி எடுத்தால் மிக நுண்ணிய கிளை நரம்பு வரை பதிகிறது. பழைய ரவிக்கையின் லேஸ் துண்டும் அவ்வாறே அழகாகப் பதிகிறது. பல்குச்சியால் புள்ளிக் கோலம் இடலாம். ஆனால் கோட்டை இழுத்தால் நாரிழைகள் மேலெழுந்து விளிம்பு பிசிறாகும் என்பதால், குத்திக் குத்தி வரைவதே நல்லது. பிறகு தகட்டை வட்டமாக நறுக்கி, மெல்லிய நெகிழித் தாள் விரித்த ஆழமற்ற கிண்ணத்துக்குள் இறக்கினால் தட்டின் குழிவு வந்துவிடும். உள்ளங்கையளவுத் தட்டுக்கு 80 முதல் 100 கிராம் வரை போதும் என்பதால், அரைக் கிலோவில் ஐந்து தட்டுகளை எதிர்பார்க்கலாம்.

குறை தொடங்குவது உலர்த்துவதில். 24 மணி நேரத்தில் உலரும் என்று நான் வாங்கிய உறை உறுதியளித்தது. சென்னை போன்ற கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், இதை நம்பக் கூடாது. மூன்று, நான்கு நாட்கள் ஆவது இயல்பே. மேற்பரப்பு வெளுத்துவிட்டதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், தட்டின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவசரப்பட்டு வெயிலிலோ வேகமாகச் சுழலும் மின்விசிறிக்கு நேராகவோ வைத்தால், மெல்லிய விளிம்பு முதலில் சுருங்க, நடுப்பகுதி ஈரமாகவே நிற்க, அந்த இழுபறியில் விளிம்பு மேலே வளையும் அல்லது வெடிக்கும். நிழலில், தட்டு தன் வடிவத்தைத் தாங்கும் நிலைக்கு வந்ததும் கிண்ணத்திலிருந்து எடுத்து, கவிழ்த்த சல்லடையின் மேல் வைத்து, அவ்வப்போது திருப்பிப் போடுவதே பாதுகாப்பானது. வெடிப்பை மறைக்கத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தடவுமாறு பல காணொளிகள் சொல்கின்றன. மிகுதியான நீர் மேல்தோலை இளக்கி, உலரும்போது புதிய வெடிப்புகளையே தருகிறது. அதே களிமண்ணைக் குழைத்துக் கூழாக்கி அடைப்பதுதான் முறை.

உலர்ந்த தட்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி மிக நுண்ணியது, முகக்கவசம் அவசியம். அக்ரிலிக் வண்ணம் நன்றாகப் பிடிக்கிறது. எண்ணெய் சார்ந்த வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும் என்பதால், வெள்ளைத் தட்டுக்கு நீர் சார்ந்த அக்ரிலிக் வார்னிஷே பொருந்தும். அடிப்பக்கத்துக்கும் பூச வேண்டும். இவ்வளவு செய்தாலும் இது நீரைத் தாங்கும் பாண்டமாகிவிடாது. களிமண் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் சுடப்படும்போதுதான் அதன் அமைப்பே மாறி, நீரில் மீண்டும் கரையாத நிலையை அடைகிறது. இங்கே நடப்பது வெறும் உலர்தல். எனவே குளியலறை அலமாரிக்கு இது உதவாது. கழுவக்கூடிய மண் தட்டு வேண்டுவோர், மானாமதுரைக் குயவர்களிடம் கிடைப்பது போன்ற சுட்ட மண் பொருளையே நாடலாம்.

மாற்றுப் பொருள்கள் இல்லாமல் இல்லை. சுவரோவியக் கைவேலைக்குப் பயன்படும் எபாக்சி மாவு, இரு பகுதிகளைச் சம அளவில் பிசைந்து கலப்பது. மிக உறுதியானது, ஈரத்துக்கும் அசையாது. ஆனால் கையுறை வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் இறுகத் தொடங்குவதால் நிதானமாக வேலை செய்ய விடாது. பாலிமர் கிளே பி.வி.சி. என்னும் நெகிழி சார்ந்தது, சூட்டில்தான் இறுகும்; ஃபிமோ என்னும் பெயரில் விற்கப்படும் வகை என்றால் 110 டிகிரியில் அரை மணி நேரம் என்பது போல, வெப்பத்தைச் சரியாகக் காக்கும் மின்னடுப்பு (ஓவன்) தேவை. கருகினால் எரிச்சலூட்டும் புகை வரும். வீட்டில் அந்த வசதி உள்ளவர்களுக்கு, மெல்லிய தட்டு செய்ய அதுவே மேலானது.

நகைக்கு இது ஏற்றதா என்ற கேள்விக்குத் தங்கத்தைப் பொறுத்தவரை தயங்காமல் ஆம் எனலாம். வெள்ளி திறந்த காற்றிலும் ஈரத்திலும் கறுக்கும் என்பதால், இரவில் கழற்றிக் காலையில் அணிவதற்கு மட்டுமே தட்டு. மாதக்கணக்கில் வைக்க மூடிய டப்பாதான் வேண்டும். முத்து மென்மையானது, சொரசொரப்பான பரப்பில் அது கீறல் படும் என்பதால், முத்துக் கம்மலுக்கான தட்டில் உள்பக்கத்தை நுண்ணிய தாளால் தேய்த்து மழமழப்பாக்கிய பின்பே வார்னிஷ் பூச வேண்டும். குங்குமம் வைப்பவர்கள் கறை நிலைத்துவிடும் என்பதை எண்ணிக்கொள்ளட்டும்.

பரிசளிக்க ஓரிரு தட்டுகள் செய்ய நினைப்பவர்களுக்கு அரைக் கிலோவே போதும். ஒரு கிலோ வாங்கினால், பிரித்த பின் எஞ்சும் பாதி பெரும்பாலும் இறுகிப் போகும். எஞ்சியதை ஈரத் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் துணியில் பூஞ்சை பிடிக்கிறது.