கல்லோயாவா, குமணவா? காட்டுப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு காட்டுயிர்ப் படம் எடுப்பதையே தொழிலாக்க நினைக்கிறவர்கள், இலங்கையின் கிழக்கே உள்ள கல்லோயா, குமண என்ற இரண்டு தேசியப் பூங்காக்களில் எதில் தொடங்குவது என்று கேட்டால், என் பதில் குமணதான், ஆனால் கல்லோயாவை லேசில் தள்ளிவிட முடியாது.

கல்லோயாவில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தின் நடுவே, தீவுக்குத் தீவு யானைகள் நீந்திப் போவதைப் படகில் இருந்தே எடுக்கலாம். தும்பிக்கை நுனியும் நெற்றி மேடும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும், பின்னால் ஒரு குட்டி தாயை உரசிக்கொண்டே வரும், அந்த நேரம் படகு ஆடிக்கொண்டே இருப்பதால் முக்காலி ஒன்றுக்கும் உதவாது, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே இறக்கவும் கூடாது. யானை நீந்தும்போது படகை நெருக்கச் சொல்லி ஓட்டுகிறவரை நச்சரிக்காதீர்கள், அது களைத்துப்போகும். படகுச் செலவும் கொஞ்சம் கடிக்கும்.

குமண வேறு மாதிரி. பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலடிக்குப் போனால் பூங்கா வாசல். மே, ஜூனில் குமண வில்லு என்ற சதுப்பு ஏரியின் கண்டல் மரங்களில் நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடு கட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் பாறை மேல் சிறுத்தையும் கிடைக்கும். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் நடக்கும் காடும் இதுதான். ஒரே நாளில் பறவை, முதலை, யானை, மனிதர் என்று பல வகைப் படம் சேரும், புதியவருக்கு அதுதான் முதலில் வேண்டும். யானை மட்டும் போதும் என்றால், சரி, கல்லோயாப் படகு கிளம்பும் இங்கினியாகலைக்கு வண்டியைத் திருப்புங்கள்.