தமிழ் படிக்கத் தெரியாத அங்கிளும் கோபுலுவின் கையெழுத்தும்

சிங்கப்பூரில் பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, தேசிய நூலகத்தைத் தாண்டினால் பிராஸ் பசா காம்பிளெக்ஸ். அதன் மூன்றாம் மாடியில் ஒரு பழைய புத்தகக் கடை. பெயர்ப்பலகை சீனத்தில் மட்டும்தான். வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும், அதுதான் அடையாளம். தமிழ்ப் புத்தகம் தேடி அங்கே யாரும் போக மாட்டார்கள். நானும் தூரிகை வாங்கப் போன இடத்தில் எட்டிப் பார்த்தவள்தான்.

தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பயிற்சித்தாள்களுக்குப் படம் வரைவது என் பிழைப்பு. அதனால் கடைசி அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வார இதழ்த் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு பண்ணிய தொகுப்புகள். ஏறக்குறைய 40 இருக்கும். நம் அம்மாக்களும் பாட்டிகளும் அப்படித்தான் கதை சேர்த்தார்கள். வீடு காலி பண்ணும்போது பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரரிடம் போய், அங்கிருந்து இங்கே வந்திருக்கின்றன.

எடுத்துப் புரட்டப் புரட்ட ஒன்று உறைத்தது. அடுக்கு கதை வாரியாகவும் இல்லை, ஆண்டு வாரியாகவும் இல்லை. படம் வரைந்த ஓவியர் வாரியாக: கோபுலு எல்லாம் ஒரு பக்கம், சில்பி ஒரு பக்கம், மணியம் ஒரு பக்கம். கடைக்கார அங்கிளுக்கு 70 வயதுக்கு மேல். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டே பிரித்திருக்கிறார். சில்பியின் படங்கள் இரண்டை என் முன்னால் வைத்து, "சிஸ்டர், ரெண்டும் ஒரே ஆள்தானே?" என்றார். ஒரே ஆள்தான் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நாம் செய்யாததை அவர் செய்திருக்கிறார். இந்தக் கதைகள் புத்தகமாக வந்தபோது பல பதிப்புகளில் படங்களை எடுத்துவிட்டார்கள். படம் போனதோடு வரைந்தவர் பெயரும் போனது. என்னோடு வேலை செய்யும் இளம் ஓவியர்களிடம் பொன்னியின் செல்வன் என்றால் சினிமாவைச் சொல்கிறார்கள். 1950இல் அது கல்கி இதழில் தொடராகத் தொடங்கியபோது வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தவர் மணியம். 1968இல், 44 வயதிலேயே போய்விட்டார். கோபாலனுக்குக் கோபுலு என்றும், சீனிவாசனுக்குச் சில்பி என்றும் பெயர் வைத்தவர் ஆனந்த விகடன் ஓவியர் மாலி. அந்த மாலியையே இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் வாங்கியது தில்லானா மோகனாம்பாள் தொகுப்பு, கோபுலு படங்களோடு, 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு படத்தில் தவில்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். முகமே இல்லை. விரல்களில் மாட்டிய கூடும், தோளில் ஏறிய தவில் வாரும், அந்த வார் அழுத்திய இடத்தில் சட்டையின் மூன்று மடிப்பும் மட்டும்தான். அந்த மூன்று கோட்டில் தவிலின் கனம் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொட்டுத் தொட்டு வரைந்ததல்ல. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, முடியும் இடத்தில் மை மெலிகிறது. மலிவான தாளில், பிளாக் அச்சில் இது எப்படித் தங்கியது என்று இன்னும் வியப்புதான். சில்பி இதற்கு நேர் எதிர். கோயில் தூணில் கல் சிதைந்திருந்தால் அந்தச் சிதைவையும் சேர்த்து வரைந்திருப்பார்.

குறைகளும் சொல்ல வேண்டும். விலைச் சீட்டை அட்டை மேலேயே ஒட்டுகிறார்கள். பிரித்தால் காலிகோவும் உரிந்து வருகிறது. என் தொகுப்பில் இரண்டு பக்கம் பிளேடால் அறுக்கப்பட்டிருப்பதை வீட்டில்தான் பார்த்தேன். அது பழைய சொந்தக்காரர் செய்ததாக இருக்கலாம், ஆனால் விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும். கடையில் ஏர்கான் இல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் ராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம், ஓரமெல்லாம் அரித்த தொகுப்புகள் நிறைய. வாங்கினால் ஒரு வாரம் சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் தனியே வைத்துவிட்டுப் பிறகு அலமாரியில் சேருங்கள். டேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

ஆனாலும் நான் திரும்பப் போவேன். இங்கே பக்கத்தைக் கிழித்துத் தனித்தனியாக விற்பதில்லை. இணையத்தில் ஒருவர் இதே மாதிரி தொகுப்பைப் பிரித்து, ஒவ்வொரு படத்தையும் சட்டம் போட்டு 60 வெள்ளிக்கு விற்கிறார். பின்பக்கக் கதை பாதியில் நிற்கிறது. அங்கிளிடமும் ஒருவர் அப்படி ஒரு படம் மட்டும் கேட்டாராம். முடியாது என்று அனுப்பிவிட்டார்.

போன சனிக்கிழமை அட்டைத் துண்டுகளில் மூன்று பெயரையும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் என்னை உச்சரிக்கச் சொல்லி, அடியில் சீன எழுத்தில் ஒலியைக் குறித்துக்கொண்டு தட்டில் ஒட்டினார். "சில்பி" சரியாக வருகிறது, "மணியம்" இன்னும் வரவில்லை.

12 மணிக்கு மேல்தான் திறப்பார். திங்கள் விடுமுறை. ரொக்கம் அல்லது கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ். சில்பி தட்டில் கோயில் படங்கள் மட்டும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு ஒன்று, 35 வெள்ளி. அன்று என் கையில் காசு இல்லை. படம் வரைகிறவர்கள் யாராவது முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.