ஒழுகும் பழைய டென்ட்: ஸ்ப்ரேயா, பாலியூரித்தேனா, சிலிக்கோனா?

என் டென்ட்டுக்கு எட்டு வயது. கடைசிப் பயணத்தில் நெற்றியில் விழுந்த ஒரு சொட்டுதான் என்னை எழுப்பியது. மூச்சுக்காற்று துணியில் பட்டுக் குளிர்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் தையல் டேப் உரிந்து தொங்குகிறது, அதன் ஓரமாகத் துளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. காலையில் மடிக்கும்போது துணியோடு துணி பிசுபிசுவென்று ஒட்டியது; புளித்த வாடை வேறு. ஆனாலும் கம்பிகளும் ஜிப்பும் உறுதியாக இருந்ததால் தூக்கிப்போட மனம் வரவில்லை.

சரிசெய்ய மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, தண்ணீர் ஒட்டாமல் செய்யும் ஸ்ப்ரே. இதில் வேலை குறைவு. கழுவிவிட்டு அடித்தால் போதும், தாமரை இலைத் தண்ணீர்போல மழை உருண்டோடும். ஆனால் அது துணியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான். தண்ணீரை உண்மையில் தடுத்து நிறுத்துவது உள்பக்கப் பூச்சு. அது நன்றாக இருந்து, வெளித்துணி மட்டும் ஊறிக் கனக்கிறது என்றால் ஸ்ப்ரே போதும். உள்பூச்சு போயிருந்தால் ஸ்ப்ரேயால் ஒழுகலைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட மட்டுமே முடியும்.

நான் தேர்ந்தெடுத்தது பிரஷ்ஷால் உள்பக்கம் தடவும் பாலியூரித்தேன் (ஒருவகை பிளாஸ்டிக்) பூச்சு. இதில் எல்லாமே பிடிப்பைப் பொறுத்தது. பழைய பூச்சும் பாலியூரித்தேன்தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதை வருடக்கணக்கில் சிதைக்கின்றன. வேதியியலில் நீராற்பகுப்பு என்பார்களே, அதுதான். பிசுபிசுப்பும் வாடையும் அதன் அறிகுறிகள். அதன்மேல் புதுப் பூச்சைத் தடவுவது, காரை உதிரும் சுவரில் பெயிண்ட் அடிப்பது மாதிரி. நானே ஒரு மூலையில் நேரடியாகத் தடவிப் பார்த்தேன். காய்ந்தபின் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். புதுசும் பழசும் சேர்ந்தே டேப்போடு வந்துவிட்டன.

அதனால் சுரண்டலில்தான் பெரும்பகுதி நேரம் போனது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, அருகில் நெருப்பில்லாமல் தேய்த்தேன். பழைய பூச்சு ரப்பர் அழித்த துகள்போலச் சுருண்டு சுருண்டு வந்தது. சாயம் போகிறதா என்று முதலில் ஓரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. உறுதியாக ஒட்டியிருந்த இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் தோள்வலி. பிறகு கழுவி, நன்றாகக் காயவைத்து, விறைப்பாக விரித்து, மெல்லிசாக இரண்டு கோட். தையல்களில் பழைய டேப்பை முழுக்க உரித்துவிட்டுத் தையல் துளைகளை அடைக்கும் சீலரைத் தனியாகத் தடவினேன். மடிக்கும் முன் லேசாக டால்கம் பவுடர் தூவினால் மறுபடி ஒட்டிக்கொள்ளாது.

சிலிக்கோன் சீலன்ட்டை ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயிண்ட்டை இளக்கும் திரவம்) கரைத்து வெளிப்பக்கம் தடவுவது மூன்றாவது வழி. பாலியூரித்தேன்போல ஈரத்தில் சிதையாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். இவ்வளவு இருந்தும் நான் ஒதுக்கியதற்கு ஒரே காரணம், சிலிக்கோன் ஏறிய துணியில் சிலிக்கோனைத் தவிர வேறு எதுவும் சரியாக ஒட்டாது. நாளைக்குக் கிழிந்தால் சாதாரண ஒட்டுத்துண்டுகூடப் பிடிக்காது. நான் இதைத் தடவிப் பார்த்தது டென்ட்டுக்கு அடியில் போடும் தரைவிரிப்பின் ஒரு துண்டில் மட்டும்தான், அதுவும் ஒரு வருடமாக. அதில் இதுவரை குறையில்லை.

துணியே இருபக்கமும் சிலிக்கோன் ஏறிய நைலான் என்றால் கதை தலைகீழ். அதில் பாலியூரித்தேன் நிற்காது, சிலிக்கோன் ஒன்றுதான் வழி. அடையாளம் காணத் தையல்களைப் பாருங்கள். கம்பெனியே டேப் ஒட்டி அனுப்பியிருந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன். சிலிக்கோனில் அந்த டேப் ஒட்டாது.

பூசியபின் இரண்டு மழை இரவுகள்தான் ஆகியிருக்கின்றன, எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல அது போதாது. கூரையில் ஒரு சொட்டு இல்லை. கயிறு கட்டும் ஒரு வளையத்தின் தையலில் மட்டும் ஈரம் கசிந்தது. அங்கே சீலர் தடவ மறந்துவிட்டிருக்கிறேன்.