வர முடியாது என்பதை ஆங்கிலத்தில் எழுத: 'ஐ வில் ட்ரை'யா, 'ஐ வோன்ட் பி ஏபிள் டு மேக் இட்'டா?

எங்கள் டீமில் இருக்கும் அமெரிக்கர் ஒருவர் தன் கல்யாணத்துக்கு மெயிலில் அழைத்திருந்தார். விசா, லீவு இரண்டுமே இடித்ததால் போக வழியில்லை. நான் அனுப்பிய பதில் இதுதான்: 'தேங்க் யூ ஸோ மச் ஃபார் இன்வைட்டிங் மீ. அன்ஃபார்ச்சுனேட்லி, ஐ வோன்ட் பி ஏபிள் டு மேக் இட்.' கடைசியில் ஒரு வாழ்த்து. யார் கேட்டாலும் இதையே எழுதச் சொல்வேன்.

'ஐ கான்ட் கம்' என்பதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் மொட்டையாக இருக்கிறது. 'ஐ ஆம் நாட் கமிங்' என்றால் கோபித்துக்கொண்ட மாதிரி.

உண்மையான போட்டி 'ஐ வில் ட்ரை'யோடுதான். நல்ல காரியத்துக்கு அழைப்பவரிடம் நாம் வரமாட்டேன் என்று சொல்வதில்லை, 'வரப் பார்க்கிறேங்க' என்போம், அவருக்கும் விஷயம் புரிந்துவிடும், பந்தியில் பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துவிடுவார்கள். அங்கே பல கல்யாணங்களில் சாப்பாடு தலைக்கு இவ்வளவு என்று பேசி, எண்ணிக்கையை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும், எந்த மேஜையில் யார் என்பதுகூட எழுதி வைத்திருப்பார்கள், கோழியா மீனா என்று பதில் அட்டையிலேயே கேட்பதும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு 'ஐ வில் ட்ரை' என்று எழுதினால், ஒன்று உங்களுக்காக ஒரு நாற்காலிக்குப் பணம் கட்டுவார், இல்லையென்றால் மறுபடி மெயில் போட்டுக் கேட்பார். படித்த உடனே அழைத்தவரால் தன் பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிட முடிகிறதா? நான் பார்ப்பது இதை மட்டும்தான். 'வோன்ட் பி ஏபிள்' என்றால் அடித்துவிடலாம், அதே சமயம் வர மனசில்லை என்ற தொனியும் வராது.

காரணம் ஒரு வரி போதும். 'ஐ ஹாவ் அ ஃபேமிலி கமிட்மென்ட் தட் வீக்கெண்ட்.' அதற்கு மேல் விளக்கினால் 'அப்போ ரிசப்ஷனுக்காவது வாங்களேன்' என்று அவர் வழி சொல்ல ஆரம்பிப்பார், அப்புறம் இரண்டாவது தடவையும் மறுக்க வேண்டிவரும்.

'கேன் ஐ டேக் அ ரெயின் செக்?' என்பது லஞ்ச், காபி மாதிரி அழைப்புகளுக்கு அழகாகப் பொருந்தும். மழையால் நின்றுபோன பேஸ்பால் ஆட்டத்தை வேறொரு நாள் பார்க்கக் கொடுத்த சீட்டிலிருந்து வந்த வழக்கு அது, அதனால் இன்னொரு நாள் வருகிறேன் என்ற வாக்கும் அதில் சேர்ந்தே இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒத்துவராது. அமெரிக்கர்களிடம் தவிர நான் இதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

'ஐ ரிக்ரெட் தட் ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட்' அச்சடித்த அழைப்பிதழ்களுக்கு ஏற்றது. எனக்கு அப்படி எழுத நேர்ந்தது குறைவு. ஆனால் அழைப்பிதழின் அடியில் 'ரிக்ரெட்ஸ் ஒன்லி' என்று இருந்தால் கவனியுங்கள், வராதவர்கள் மட்டும் பதில் போட வேண்டும் என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் நீங்கள் வருவதாகவே கணக்கு வைத்துவிடுவார்கள்.