பச்சை எழுத்தை எத்தனை விநாடி நம்பலாம்? டிஜிபிஎஸ் ரோவர், மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பின்

"அண்ணா, டிஜிபிஎஸ் விலை எறங்கிருச்சாம், ஒண்ணு எடுக்கலாமுங்களா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். நிலம் அளக்கும் செயற்கைக்கோள் கருவி இது: ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் பேஸ் அனுப்பும் திருத்தத்தை வாங்கி, கையில் தூக்கிப்போகும் ரோவர் செ.மீ. துல்லியத்தில் இடம் காட்டும். சேனல் எத்தனை, பேட்டரி எவ்வளவு நேரம் என்பதெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார், அதில் பொய்யும் இல்லை. திறந்த வானத்தில், பேஸிலிருந்து திருத்தம் தடையில்லாமல் வந்தால், அட்டையில் போட்டிருக்கும் 8 மி.மீ. + 1 பிபிஎம் (பேஸிலிருந்து கி.மீ.க்கு 1 மி.மீ. கூடுதல்) கணக்கைக் கருவி காப்பாற்றுகிறது. காங்கேயம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலியையும் அங்கங்கே நிற்கும் வேலமரத்தையும் விட்டால் மறைப்பு ஏது? கல்லுக்குக் கல் ஐந்து விநாடி போதும்.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். திருத்தத்தைக் கொண்டுவரும் சிம் செத்த பிறகு இந்தக் கருவி நடந்துகொள்ளும் விதத்தில்.

திருத்தம் நின்றவுடன் திரையில் எதுவும் மாறாது. பச்சை எழுத்தில் 'ஃபிக்ஸ்', அதாவது செ.மீ. துல்லியம் கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பு, அப்படியே நிற்கும். கடைசியாக வந்த திருத்தத்தை வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர் வைத்த 60 விநாடி வரை கருவி காலம் தள்ளும். திருத்தத்தின் வயது, அதாவது கடைசித் தரவு வந்து எத்தனை விநாடி ஆகிறது என்ற எண், மெனுவுக்குள் நாலு படி இறங்கினால்தான் தெரியும். ஃபிக்ஸ் கிடைத்தால் குரல் கொடுத்து அறிவிக்கத் தெரிந்த கருவிக்கு, திருத்தம் நின்றால் மட்டும் வாய் வராது. இதை வடிவமைத்தவர் வெயிலில் கருவி மாட்டிய கம்பத்தை ('போல்') பிடித்து நின்றிருக்க மாட்டார்.

நியாயமாகப் பேசினால், பழைய திருத்தத்தை நீட்டி ஓட்டுவது ஏமாற்று வேலை இல்லை. 2000 மே மாதம் வரை ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சில விநாடி பழைய திருத்தமே கெட்டுப்போன சரக்கு. அதை நிறுத்திய பிறகு, செயற்கைக்கோள் கடிகாரம் மெதுவாகத்தான் விலகுகிறது. அதனால் 10 விநாடி வரை பெரிய கவலையில்லை. 30 விநாடியில் பிழை செ.மீ. கணக்குக்கு வரத் தொடங்கும். கொறங்காட்டில் இது தாங்கும்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் தாங்காது. ஃபிக்ஸ் என்பது ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் முழு அலைகள் எத்தனை என்று எண்ணிப் பூட்டி வைப்பது. மட்டை ஆடும்போதெல்லாம் ஏதோ ஒரு செயற்கைக்கோளின் எண்ணிக்கை அறுந்துபோகும். திருத்தம் வந்துகொண்டிருந்தால் அதை உடனே மீண்டும் எண்ணிக்கொள்ளும். வராதபோது, மிச்சம் பூட்டியிருக்கும் நாலைந்தை வைத்து ஒப்பேற்றும். ஆக 30 விநாடி என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

60 தாண்டியதும் ஃப்ளோட், அதாவது பூட்டாத தோராய நிலை, பிறகு 'டிஜிபிஎஸ்'. இங்கேதான் புதிதாக வாங்கியவர்கள் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் கருவிக்கே பெயர் டிஜிபிஎஸ். திரையில் அதே பெயர் வந்தால் சந்தோஷப்படத் தோன்றும். அங்கே அதன் பொருள், ஆர்டிகே என்ற செ.மீ. துல்லிய முறை கைவிட்டுப் போய், நம் நாட்டு ககன் போன்ற செயற்கைக்கோள் திருத்தத்தில் மீட்டர் கணக்கில் நிற்கிறது என்பது. கருவி வெளியிடும் 'ஜிஜிஏ' என்ற இருப்பிடத் தரவு வரியில் பார்த்தால் 4 என்றால் ஃபிக்ஸ், 5 ஃப்ளோட், 2 இந்த டிஜிபிஎஸ். 2-ல் எடுத்த பாயிண்டை வைத்துக் கல் நட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சும்மா விட மாட்டார். மீட்டர் கூட வேண்டாம், 100 மீட்டர் எல்லையில் 10 செ.மீ. தள்ளினாலே 10 சதுர மீட்டர், ஏறக்குறைய கால் சென்ட். தென்னந்தோப்பு விலையில் கால் சென்ட் என்ன என்று பொள்ளாச்சிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பலர் ரீசார்ஜைப் பார்க்கிறார்கள். திருத்தத்துக்கு மணிக்குச் சில எம்பிதான் செலவு. தொந்தரவு அளவில் இல்லை, தொடர்ச்சியில்தான். கோடு நாலு காட்டும், டேட்டா நகராது. கொஞ்ச நேரம் தேங்கி, பிறகு பழையதும் புதியதும் ஒன்றாகக் கொட்டும். வயது 1, 1, 9, 14, 2 என்று குதித்தால் நோய் அதுதான். ஆழியாறைத் தாண்டி வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர் சிம்மை நம்பிப் போகவே கூடாது. உயர் அழுத்தக் கம்பி மேல் பழி போடுவதும் ஒரு பழக்கம். பெரும்பாலும் குற்றவாளி சிம்தான்.

இணைப்பு அறுந்து மீண்டும் போனால் இன்னொரு கூத்து. திருத்தம் தரும் சர்வரில் பழைய இணைப்பு இன்னும் சாகாமல் இருக்கும். அதே பயனர் பெயரில் மறுபடி வந்தால், "ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்று திருப்பி அனுப்பிவிடும். கருவி மூன்று முறை முட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். திருத்த இணைப்பை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கினால் வழிக்கு வரும். அருகிலுள்ள நிலையத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் சேவையென்றால், மீண்டும் இணையும்போது வேறு நிலையம் கிடைத்திருக்கலாம். அப்போது எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாகச் சில செ.மீ. நகர்ந்து நிற்கும். பேஸ் நிலைய எண்ணைக் குறித்து வைத்திருந்தால்தான் பிடிபடும்.

திரும்பி வந்த முதல் ஃபிக்ஸும் சந்தேகத்துக்குரியது. மரத்தடியில் தப்பான எண்ணிக்கையைச் சரியென்று பூட்டிக்கொள்ளும், திரையில் 2 செ.மீ. துல்லியம் என்று கூசாமல் காட்டும். கருவியின் தலையைக் கவிழ்த்துப் பிடித்து பூட்டை உடைத்து, மறுபடி ஃபிக்ஸ் வாங்கி, அதே கல்லை மீண்டும் எடுங்கள். இரண்டுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டையுமே தூக்கி எறிய வேண்டியதுதான். கம்பம் நேராக நிற்கிறதா என்று காட்டும் பபுளையும் பாருங்கள். 2 மீட்டர் கம்பம் ஒரு டிகிரி சாய்ந்தாலே 3.5 செ.மீ. போச்சு, அதைத் திருத்தத்தின் தலையில் கட்ட முடியாது.

பொழுது சாய்ந்த பிறகு எடுப்பதும் வேண்டாம். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைப் பக்கமாக ஓடுவதால், மேல் வானில் மின்னேற்றம் கொண்ட அயனி மண்டலத்தின் குழப்பம் நமக்கு அதிகம். மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் இரவு ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை சிக்னல் நடுங்கும். சூரிய உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் இன்னும் மோசம். 2024 அப்படிப்பட்ட ஆண்டு.

சர்வீஸ் போய்த் திரும்பிய கருவியில் முதலில் பார்க்க வேண்டியது, எல்லா அமைப்பும் தயாரிப்பாளர் வைத்தபடிக்குப் போயிருக்கும் என்பது. என்னுடையதும் இப்போது அப்படித்தான் வந்தது, இந்தக் கடுப்பெல்லாம் அதனால்தான். திருத்தக் காலவரம்பை 60-லிருந்து 10 ஆக்குங்கள். வேலை அடிக்கடி நிற்கும், நிற்கட்டும். வயது எண்ணை முதல் திரைக்குக் கொண்டுவாருங்கள். சிஎஸ்வி ஏற்றுமதியில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

செயற்கைக்கோள் சிக்னலின் மூலத் தரவுப் பதிவை மட்டும் எப்போதும் ஓடவிடுங்கள், 1 விநாடிக்கு ஒரு முறை போதும். இந்தக் கருவி தந்த ஒரே எதிர்பாராத மகிழ்ச்சி இது. திருத்தம் போன நேரமெல்லாம், பேஸ் தரவை வைத்துப் பிறகு கணினியில் முன்னும் பின்னுமாகக் கணக்கிட்டால், களத்தில் ஃப்ளோட்டில் கிடந்த பாதிப் புள்ளிகள் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. கல் நடும் வேலைக்கு இது உதவாது, அளந்து வரும் வேலைக்கு வரம்.

செயற்கைக்கோள் வழியாகவே திருத்தம் தரும் சேவைகளும் உண்டு. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களின் இலவசத் திருத்தச் சேவை 2023 ஜனவரியில் தொடங்கியது, கிடைமட்ட இலக்கு 20 செ.மீ. உழவு டிராக்டருக்குத் தோதாக இருக்கலாம், எல்லைக் கல்லுக்கு இல்லை.

எடுக்கலாமா என்றால், கருவி நல்ல கருவி, பணத்துக்குப் பழுதில்லை. ஆனாலும் ஒற்றை ரோவராக எடுக்காதீர்கள். விலை இறங்கியிருப்பதால் பேஸும் ரோவருமாக, ரேடியோவுடன் ஜோடியாகக் கேளுங்கள், பேஸை நீங்களே போடுங்கள். ரேடியோ அலைவரிசைக்கு உரிமம் இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். அந்தப் பணம் கைவசம் இல்லையென்றால், பொள்ளாச்சி பக்கம் வேலை செய்கிறவர் செயற்கைக்கோள் இல்லாமல் ஒளிக்கதிரால் அளக்கும் பழைய டோட்டல் ஸ்டேஷனை விற்றுவிட வேண்டாம். கேட்டால் நான் இன்றைக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டு போவேன்.