மேட்டுப்பாளையம் ஷாஃப்ட் பட்டறை: ஜீப் நடுங்கினால் போகலாமா?

போகலாம். அன்றே வண்டி கைக்கு வர வேண்டும், அதுவரை ஏசி அறையில் காபி குடித்தபடி காத்திருக்க வேண்டும் என்பவர்கள் மட்டும் போக வேண்டாம். குறிப்பிட்ட வேகத்தில் ஜீப் நடுங்குகிறது, கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாகத்தின் பெயரைச் சொல்லி மாற்றச் சொல்கிறார்கள் என்று தவிப்பவர்களுக்குப் புதுச்சேரியில் நான் கைகாட்டும் இடம் இதுதான்.

மேட்டுப்பாளையம் லாரி முனையத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது. பலகையில் கடையின் பெயர் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. ‘புரொப்பல்லர் ஷாஃப்ட் பேலன்சிங்’ என்ற வரி மட்டும் படிக்க முடிகிறது. வண்டியின் அடியில், எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் ஷாஃப்ட்; சுழலும்போது அது குலுங்காதபடி எடையைச் சமன்செய்வது பேலன்சிங். வாசலை அடைத்தபடி ஒரு டாரஸ் லாரி நிற்கும். அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், பட்டறை அதற்குப் பின்னால்தான்.

என் வண்டி 2014 மாடல் மஹிந்திரா தார். கடலூர் வீட்டுக்கும் பண்ருட்டிக்கு அப்பால் இருக்கும் முந்திரித் தோப்புக்குமாக ஓடுகிறது. ஐப்பசி மழையில் அந்தச் செம்மண் தடத்தில் வேறு வண்டி எடுபடாது. பழைய வண்டியாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டியிருந்தார். 55 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் காலடித் தகட்டில் அதிர்வு தொடங்கும். 60, 65-இல் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரியும். 75-க்கு மேல் அடங்கிவிடும். பண்ருட்டி சாலையில் போகக்கூடிய வேகமே அந்த நடுவில் இருப்பதுதான் என்பதால், வண்டி நன்றாக ஓடும் வேகம் எதுவும் எனக்கு உதவவில்லை.

இங்கே வருவதற்கு முன் ஓரிடத்தில் வீல் பேலன்சிங் செய்தார்கள். இன்னோரிடத்தில் எஞ்சின் மவுண்ட் ரப்பர்களை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் கிளட்ச் தட்டு மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்ற சொல்லுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வண்டியைப் பெண் ஓட்டி வந்தால் பில் புத்தகத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இந்தப் பட்டறை மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்லை. “எந்த கியரில் வருகிறது? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா?” என்று கேட்டார். நான் சொன்ன பதிலை நம்பாமல் தானே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். ஊசுடு ஏரிப் பக்கம் போகும் சாலையில், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, 60-இல் நான்காவது கியரில் ஓட்டினார். நடுங்கியது. அதே 60-இல் மூன்றாவது கியருக்கு மாற்றினார். எஞ்சின் கத்தியது, நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. “எஞ்சின் வேகம் மாறியும் நடுக்கம் மாறவில்லை பாருங்கள் அம்மா. எஞ்சினும் கிளட்சும் தப்பித்தன” என்றார். பிறகு நியூட்ரலில் விட்டார். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. மிதித்ததும் திரும்ப ஏறியது. சக்கரத்தின் எடைக் கோளாறு என்றால், மிதித்தாலும் விட்டாலும் பெரிய மாற்றம் இருக்காதாம்.

அதன்பின் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டு பின் சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, டயரில் ஒன்றும் ஷாஃப்டில் ஒன்றுமாகச் சாக்பீஸ் கோடு போட்டார். இரண்டு பையன்கள் இருபுறமும் சக்கரங்களைச் சேர்ந்தாற்போல் ஒரு சுற்றுச் சுற்ற, ஷாஃப்ட் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றியது. கணக்கைத் தரையிலேயே எழுதினார். 235/70 ஆர்16 டயரின் சுற்றளவு 2.3 மீட்டரை ஒட்டி வரும். மணிக்கு 60 கி.மீ. என்றால் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்றுக்குச் சற்று மேல்; ஷாஃப்ட் 29 சுற்று. டயரில் கோளாறு என்றால் நொடிக்கு ஏழு குலுக்கல் வரும். ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ எடை பிசகியிருந்தாலோ 29. ஷாஃப்டின் இரு முனையிலும் சாய்வுக்கு இடம்கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஜாயிண்டின் கோணம் தவறியிருந்தால் அதன் இரு மடங்கு, 58. கைப்பேசியில் அதிர்வு அளக்கும் செயலி ஒன்றை வைத்திருந்தார். ஓட்டத்தின்போது அதில் பதிவானது நொடிக்கு 55-க்கும் 60-க்கும் இடைப்பட்ட குலுக்கல்; ஆக, சந்தேகம் கிராஸ் கோணத்தின் மேல் விழுந்தது.

ஏன் இரு மடங்கு என்று கேட்டேன். பழைய கிராஸ் ஒன்றை எடுத்து, சாய்த்துப் பிடித்துச் சுழற்றிக் காட்டினார். சாய்வில் ஓடும் கிராஸ் தன்னிடம் வரும் வேகத்தை ஒரே சீராகக் கடத்தாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 8 டிகிரி சாய்வில் இந்தக் கூடுதல் குறைவு ஒரு சதவீத அளவுக்கு வரும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே அளவு சாய்ந்திருந்தால் ஒன்றின் பிசகை மற்றது ஈடுகட்டிவிடும். சாய்வுகள் வேறுபட்டால் மிச்சம் நம் காலடிக்கு வந்து சேரும்.

காந்தம் வைத்த கோணமானியை ஒட்டி அளந்தார். ஷாஃப்டின் முன்முனை பூட்டப்பட்டிருக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் 4 டிகிரி, ஷாஃப்ட் 12, பின் அச்சில் ஷாஃப்டின் சுழற்சியை வாங்கிக்கொள்ளும் பல்சக்கரத் தண்டான பினியன் 8. ஆக முன் கிராசில் 8 டிகிரி சாய்வு, பின் கிராசில் 4. பின்பக்கத்தை உயர்த்த, வண்டியைத் தாங்கும் வில்பட்டைகளின் பின்முனையில் நீளமான ஷாக்கிள் (பட்டையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) மாட்டியிருந்தார்கள். அது வண்டியைத் தூக்கியதோடு நிற்காமல் அச்சையும் திருப்பி, பினியன் மூக்கை மேலே நிமிர்த்திவிட்டது.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துப் பினியனைத் தாழ்த்தலாம், அல்லது கம்பெனி அளவு ஷாக்கிளுக்கே திரும்பலாம் என்றார். என் தோப்பில் பள்ளம் உண்டு, பாறை இல்லை. அந்த உயரம் எனக்கு எதற்கு? ஷாக்கிளை மாற்றச் சொன்னேன். ஷாஃப்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் சென்டர் பஞ்சால் இரண்டு புள்ளி அடித்துக்கொண்டார்கள். ஷாஃப்டின் இரு துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிசையான ஸ்பிளைனை ஒரு பல் மாறிப் பூட்டினாலும் வேறொரு நடுக்கம் முளைக்குமாம். முன் கிராசின் கிண்ணத்தைத் தட்டி எடுத்தபோது கிரீசுக்குப் பதிலாகக் காப்பித்தூள் நிறத்தில் துருப்பொடி கொட்டியது. ஊசி பேரிங்குகள் உட்கார்ந்த இடத்தில் வரிவரியாகத் தடம். கடலூர் உப்புக் காற்றில் கிரீஸ் அடிக்காமல் விட்டால் இப்படித்தான் என்று திட்டு விழுந்தது. திட்டு வாங்க வேண்டியவர் வண்டியை எனக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். இரண்டு கிராசையும் மாற்றினோம். மறுபடி அளந்தபோது இரண்டு பக்கமும் 4 டிகிரி.

எனக்குப் பிடித்துப் போனது இதுதான்: பேலன்சிங் இயந்திரம் வைத்துப் பிழைப்பவர், உங்களுக்கு பேலன்சிங் தேவையில்லை என்று சொன்னார். புதிய கிராஸ் மாட்டியதும் ஷாஃப்டை இயந்திரத்தில் ஏற்றி ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். எடைத் தகடு எதுவும் பற்றவைக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கூலியும் வாங்கவில்லை. சோதனைக்கு மட்டும் தனியாக 800 ரூபாய் எழுதியிருந்தார். சிலருக்கு அது உறுத்தலாம். வேண்டாத ரப்பருக்குக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு உறுத்தவில்லை.

குறைகள் உண்டு. உட்கார ஒரு ஸ்டூல்தான், அதுவும் கிரீஸ். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அரை நாள் காத்திருக்க வைக்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். மாலை தருகிறேன் என்றால் மறுநாள் மதியம். பில் கையெழுத்தில் வருகிறது, கிராஸ் எந்த கம்பெனி என்று கேட்டு வாங்கி எழுதவைக்க வேண்டும்.

இப்போது 60-இல் பஸ் ஒன்றாகவே தெரிகிறது. 85-க்கு மேல் ஒரு ரீங்காரம் மிச்சம் இருக்கிறது. அது சேற்று டயரின் கட்டைகள் போடும் சத்தம், சாலை டயர் மாட்டினால் போய்விடும் என்று சொல்லிவிட்டார். தோப்பு இருக்கும்வரை டயரை மாற்றுவதாக இல்லை.

கடலூரிலிருந்து போகிறவர்கள் காலை ஏழரைக்குள் அரியாங்குப்பத்தைத் தாண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முருங்கப்பாக்கத்திலிருந்து இந்திரா காந்தி சிலை வரை ஊர்ந்துதான் போக வேண்டும். திரும்பும்போது டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், டீசல் நம் பக்கத்தைவிட அங்கே மலிவு. பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை லாரிகள் வரிசைகட்டும், செவ்வாய் போவது உத்தமம்.