டம்மி லோடு: ரெசிஸ்டர் தாங்கியது, முனை தாங்கவில்லை

ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர் பெட்டிதான் டம்மி லோடு. அதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் மின்தூண்டல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கம்பி சுற்றிய ரெசிஸ்டர் கூடவே கூடாது, அது சுருளாக நடந்துகொண்டு அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டத்தை எதிர்க்கும், அளவெல்லாம் பிழையாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். நெடுங்காலமாக இப்படியொரு பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மின்தூண்டல் என்னை ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை. என் உயிரை வாங்குவது ஆம்ப்ளிஃபையரின் கம்பியை மாட்ட முன்பலகையில் இருக்கும் இணைப்பு முனைகள். இந்த வாரமும் ஒரு ஜோடியைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சொந்தமாக ஒன்று கட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கான பதிலும் இதிலேயே இருக்கட்டும்.

பெட்டி வழக்கமான வகைதான். ஒரு சேனலுக்கு நான்கு 8 ஓம், 100 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர்கள். இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் போட்டால் மொத்தம் மறுபடி 8 ஓம்தான். சூடு மட்டும் நான்கு இடங்களுக்குப் பிரிந்துவிடும். இரு சேனல்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். அடியில் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க், இடையில் வெப்பப் பசை, ஓரத்தில் ஒரு விசிறி.

உறையின்மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘100 வாட்’ பற்றி ஒரு வார்த்தை. தரவுத்தாளில் குறிப்பிட்ட அளவுள்ள ஹீட் சிங்கில் இறுக்கிப் பொருத்தினால்தான் அந்த எண் செல்லும். வெறுமனே மேசையில் கிடத்தினால் அதில் பாதிகூடத் தாங்காது. எண்ணை உறையிலும் நிபந்தனையைத் தாளிலும் அச்சிடுகிற இந்த வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

ஆனாலும் ரெசிஸ்டர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். கொதிக்கக் கொதிக்க ஓட்டிய பிறகும் மதிப்பு அசைவதில்லை. சுற்றியிருக்கும் உலோகக்கலவைக்கே அந்தப் பெருமை சேரும். வெப்பநிலை 100 டிகிரி ஏறினால் செம்பின் தடை ஏறத்தாழ 39 சதவீதம் கூடும். நிக்கல்-குரோமியக் கலவையான நிக்ரோமில் அது 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கையில் கிடைத்த குண்டு பல்பை லோடாக மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இழையின் குளிர்நிலைத் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதை வைத்து ஆற்றலை எப்படிக் கணக்கிடுவது? இன்னொன்று: 5 சதவீத ரெசிஸ்டர் என்றால் 8 ஓம் என்பது 7.6 ஆகவும் இருக்கலாம், 8.4 ஆகவும் இருக்கலாம். மல்டிமீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்துவிட்டு உண்மையான மதிப்பை அளந்து, பெட்டியின்மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

மின்தூண்டல் கணக்கையும் பார்த்துவிடலாம். 10 மைக்ரோஹென்றி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 20 கிலோஹெர்ட்ஸில் அதன் மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 1.26 ஓம். இது 8 ஓமோடு நேராகக் கூடாது, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போலக் கூடும். மொத்தம் 8.1 ஓம், அதாவது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். 1 கிலோஹெர்ட்ஸில் கண்ணுக்கே தெரியாது. வெளியீட்டை அதிவேகமாக இயக்கி அணைத்து வேலை செய்யும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையரில் கதை வேறு. வெளியீட்டில் மிச்சமாக வரும் 400 கிலோஹெர்ட்ஸ் சுவிட்சிங் அலைக்கு அதே 10 மைக்ரோஹென்றி 25 ஓமாக நிற்கும். அந்த மிச்சத்தைத் துல்லியமாக ஆராய வேண்டியவர்கள் எதிரெதிர்த் திசையில் இரட்டைக் கம்பி சுற்றிய ரெசிஸ்டரையோ தடித்த படல வகையையோ தேடட்டும். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி முனைகள். 4 ஓமில் 200 வாட் என்றால் 7 ஆம்பியர் ஓடுகிறது. புதிதாக இறுக்கிய முனையில் தொடர்புத் தடை சில மில்லிஓம்தான். திருகு சற்றே தளர்ந்து, மேற்பரப்பு கறுத்து, அது 0.1 ஓம் ஆகிவிட்டால் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் 5 வாட் சூடு. போதாக்குறைக்கு முன்பலகை அலுமினியம். ஹீட் சிங்கோடு சேர்த்து முடுக்கியது. ரெசிஸ்டர்களின் சூடும் அதன் வழியாக முனைக்கே வந்து சேர்கிறது. முனையைப் பலகையிலிருந்து பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் வளையம் முதலில் இளகும், பிறகு திருகின் அழுத்தத்தில் நசுங்கும். நசுங்கினால் திருகு தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் இன்னும் சூடாகும். தானாக நிற்கிற வட்டம் இல்லை இது.

நீண்ட சோதனைகளில்தான் இந்தக் கொடுமை. அப்படிச் சுவிட்சிங் செய்யாத வழக்கமான ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் உச்சமாகச் சூடாவது முழு ஆற்றலில் அல்ல. சைன் அலையில் ஏறக்குறைய 40 சதவீத ஆற்றலில். ஆம்ப்ளிஃபையரின் ஆற்றலை விளம்பரப்படுத்துவது பற்றிய 1974ஆம் ஆண்டின் அமெரிக்க விதி, மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் ஒரு மணிநேரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு அளக்கச் சொன்னதன் கொடூரம், அப்படி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு மணிநேரத்தில் ஆம்ப்ளிஃபையர் படுகிற பாட்டைப் பார்க்க உட்கார்ந்தால், பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் வாடை வரும். எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

வாடையாவது மூக்கோடு போகும். அளவில் விழும் பிழை போகாது. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் மீட்டரை வைத்து வோல்டேஜின் வர்க்கத்தை 4 ஆல் வகுக்கிறோம். வழியில் அந்த 0.1 ஓம் உட்கார்ந்திருந்தால், ரெசிஸ்டருக்குப் போய்ச் சேரும் ஆற்றல் நாம் கணக்கிட்டதைவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. கறுத்த தொடர்பு சீரற்று நடந்தால் திரிபு அளவும் ஏறும். பழி ஆம்ப்ளிஃபையர்மீது விழும். இதற்கு வழி இருக்கிறது. மின்னோட்டம் தனிக் கம்பியில் போகட்டும். வோல்டேஜை ரெசிஸ்டரின் காலிலிருந்தே வேறொரு மெல்லிய கம்பி ஜோடியில் எடுக்க வேண்டும். அதைச் செய்த பிறகு என் எண்கள் திருந்திவிட்டன. முனைகள் திருந்தவில்லை.

இப்போது மாற்றியிருப்பது: முனைகளை அலுமினியத்திலிருந்து விலக்கி, தனியாக நிற்கும் ஃபைபர் கிளாஸ் தகட்டில் பித்தளை போல்ட்டாக வைத்திருக்கிறேன். கம்பிகளின் நுனியில் நசுக்கிப் பொருத்திய (கிரிம்ப் செய்த) உலோக வளையங்கள், அதாவது வளைய லக்குகள், மேலே ஸ்பிரிங் வாஷர். ஈயப்பற்றை மட்டும் நம்பி எதையும் விடவில்லை. வழக்கமான 63/37 ஈயப்பற்று 183 டிகிரியில் உருகிவிடும், இந்த ரெசிஸ்டர்களின் கால் அதை நெருங்கக்கூடியது. போல்ட்டுகள் பெட்டியின் உடலைத் தொடாமல் இருப்பது பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபையர்களுக்கும் நல்லது. அவற்றில் இரு வெளியீட்டு முனைகளிலும் சமிக்ஞை இருக்கும்; ஆஸிலோஸ்கோப்பின் தரைக் கொக்கியை எதில் மாட்டினாலும் ஆபத்துதான். ஆஸிலோஸ்கோப்பின் இரு சேனல்களை வைத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள்.

இந்தப் பெட்டியால் கிடைத்த சுகத்தை மறைக்கவும் மனமில்லை. நடுநிசியில் 100 வாட் சைன் அலையை ஓட்டுகிறேன், வீட்டில் ஒருவரும் எழுவதில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனால் ரெசிஸ்டருக்குள்ளிருக்கும் கம்பி அதே சுருதியில் மெல்ல முனகுவது கேட்கும். முதல்முறை கேட்டபோது மீட்டரைக்கூட மறந்துவிட்டேன். ஸ்பீக்கரின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மேலும் கீழும் அலையும், இந்தச் சுமை அப்படி அலையாது. அதனால் இதில் தேறிய ஆம்ப்ளிஃபையர் எல்லா ஸ்பீக்கரிலும் தேறும் என்று சொல்ல முடியாது. அதற்கு இந்தப் பெட்டியை நொந்து பயனில்லை.

ஆக, நண்பருக்கு: ரெசிஸ்டர்கள் அருமை, அளவுகள் நம்பகமானவை, மின்தூண்டல் பயம் வீண். ஆனாலும் கட்டாதீர்கள். புதிய போல்ட்டுகள் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் வேறு மாதிரி எழுதுவேனோ என்னவோ, இன்று விரல் நுனி இன்னும் எரிகிறது. அவசரமென்றால் என் பெட்டியை எடுத்துப் போங்கள். இரு முனையிலும் வளைய லக் வைத்த கம்பியோடு வாருங்கள். திருகாமல் வெறுமனே செருகும் பனானா பிளக்கோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.